தீப்பெட்டிக்குள் அடங்கிய வண்டி: மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ் கார்கள் பற்றி ஒரு மதிப்புரை

என் மேசை மேல் மூன்று பொம்மைக் கார்கள் நிற்கின்றன. ஒன்று, கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா 1960-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வாங்கிவந்த மேட்ச்பாக்ஸ் சபாரி லாண்ட் ரோவர். மற்ற இரண்டும் சென்ற மாதம் ஏழு வயதாகும் என் மகளுக்காக வாங்கியவை: மேட்ச்பாக்ஸ் பெயரிலேயே இன்று விற்கப்படும் லாண்ட் ரோவர் 90, ஹாட் வீல்ஸ் பெயரில் வரும் ட்வின் மில். புதியவை ஒவ்வொன்றும் இருநூறு ரூபாய்க்குள் கிடைத்தன. ஒரு வேளை சாப்பாட்டு விலையில், உலோகத்தில் வார்த்து, வண்ணம் தீட்டி, உருளும் சக்கரங்கள் பூட்டிய ஒரு பொருள் எப்படிக் கைக்கு வருகிறது என்பதை அதன் பிறப்பை அறியாமல் மதிப்பிட முடியாது. ஆகவே பொருளைப் பற்றியும், அதை உருவாக்கியவர்களைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பழைய வண்டி. நீல வண்ணம் மூலைகளில் தேய்ந்து, அடியிலிருக்கும் சாம்பல் நிற உலோகம் தெரிகிறது. கூரை மேல் பழுப்பு நிறத்தில் பயணப் பெட்டிகள் அடுக்கிய பாரம். கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டும் உலோகம்தான். அதில் மேட்ச்பாக்ஸ் வரிசை எண் 12 என்றும், இங்கிலாந்தில் லெஸ்னி தயாரித்தது என்றும் புடைப்பெழுத்துகள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் மூன்று தலைமுறைக் குழந்தைகளின் கைகளில் புரண்ட ஒரு பொருளில் எழுத்து மழுங்காமல் இருக்கிறதென்றால், அந்த அச்சைச் செதுக்கியவரின் கை சாதாரணக் கையாக இருந்திருக்க முடியாது.

லெஸ்னி என்ற பெயருக்கு அகராதியில் பொருள் இல்லை. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள், பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லாதவர்கள், தத்தம் பெயரின் பாதியைக் கொடுத்து உருவாக்கிய சொல் அது. இருவரும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர்கள். போர் முடிந்து திரும்பியதும் 1947-ல் வடக்கு லண்டனின் எட்மண்டன் பகுதியில், மூடிக்கிடந்த 'ரைஃபிள்மேன்' என்ற மதுக்கடைக் கட்டடத்தில், அச்சு வார்ப்புத் தொழிலைத் தொடங்கினார்கள். அச்சு வார்ப்பு தெரிந்த ஜாக் ஓடெல் விரைவில் அவர்களோடு சேர்ந்தார். ஆலைகளுக்கு வேண்டிய சிறு உலோகப் பாகங்களை வார்த்துக் கொடுப்பதுதான் அவர்களுடைய வேலை. பொம்மை செய்வது அவர்கள் திட்டத்திலேயே இல்லை.

பொம்மை நுழைந்தது கணக்கு வழக்கின் வழியாக. ஆண்டுக் கடைசியில் ஆலைகள் வரிக்கணக்கை நினைத்துக் கையிருப்பைக் குறைத்துக்கொள்ளும். பாகங்களுக்கான ஆர்டர்கள் அந்த மாதங்களில் மெலிந்துவிடும். வார்ப்பு இயந்திரம் சும்மா நிற்கக் கூடாதென்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கக்கூடிய பொம்மைகளை அவர்கள் வார்த்தார்கள். 1948-ல் வந்த சாலை உருளைதான் முதல் பொம்மை. பிறகு கொரியப் போரையொட்டித் துத்தநாகத்திற்குக் கட்டுப்பாடு வந்தது. பொம்மைக்கு உலோகம் கிடைக்காத நிலை. 1951-ல் ராட்னி ஸ்மித் விலகிக்கொண்டார். பெயரில் பாதியாக மட்டும் அவர் நிறுவனத்தில் தங்கிவிட்டார்.

1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடந்தபோது, குதிரைகள் பூட்டிய அரச ரதத்தின் சிறிய உருவத்தை லெஸ்னி வெளியிட்டது. அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சிறிதாகச் செய்தால் உலோகம் குறைவாகச் செல்லும், விலை இறங்கும், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டும் என்பதை அந்த ரதம் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

ஆனால் எவ்வளவு சிறிதாக என்ற கேள்விக்கு விடை ஓடெலின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்றொரு விதி இருந்தது. அந்தச் சிறுமியோ தீப்பெட்டியில் சிலந்திகளைப் பிடித்து எடுத்துச் செல்பவள். சிலந்திக்குப் பதிலாக வேறொன்று இருக்கட்டுமென்று, முன்பு செய்த சாலை உருளையைத் தீப்பெட்டிக்குள் புகும் அளவுக்குச் சுருக்கி, பித்தளையில் ஒன்று செய்து கொடுத்தார் தகப்பனார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். 1953-லேயே மேட்ச்பாக்ஸ், அதாவது தீப்பெட்டி என்ற பெயரோடு, தீப்பெட்டியைப் போலவே மஞ்சளும் நீலமுமான அட்டைப்பெட்டிக்குள் முதல் வண்டிகள் கடைக்கு வந்தன: சாலை உருளை, மண் கொட்டும் வண்டி, சிமெண்டு கலவை இயந்திரம். சிவகாசித் தீப்பெட்டியில் பொன்வண்டை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த முதல் வண்டிகளைக் கவனியுங்கள். பந்தயக் காரோ, பணக்காரர் காரோ அவற்றில் இல்லை. போரில் இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், லண்டன் தெருவில் ஒரு சிறுவன் நாள்தோறும் பார்த்த வேலை வண்டிகள் அவை. அடுத்தடுத்து உழவு வண்டியும் இரட்டை அடுக்குப் பேருந்தும் வந்தன. பின்னாளில் வரிசை 75 வண்டிகளோடு நிறுத்தப்பட்டது; புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று விலகும், ஆனால் எண் மாறாது. என்னிடமிருக்கும் சபாரி லாண்ட் ரோவருக்கு முன்பு அதே 12-ஆம் எண்ணில் இரண்டு லாண்ட் ரோவர்கள் வந்து போயிருந்தன. பெட்டியின் மேல் எண்ணைப் பார்த்துத் தன்னிடம் இல்லாததைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை உலகம் முழுவதும் பிள்ளைகளிடம் ஏற்படுத்தியது இந்த எண் முறைதான்.

வார்ப்பு முறையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பொருளின் தரமெல்லாம் அதில் இருக்கிறது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்த்த கலவையை, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, இரண்டு பாதிகளாகப் பிரியும் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். சில நொடிகளில் உலோகம் இறுகிவிடும், அச்சு திறக்கும், வண்டியின் உடல் வெளியே விழும். பிசிறை நீக்கி, வண்ணம் பூசி, இருக்கைகளையும் கண்ணாடியையும் செருகி, அச்சாணிகளை வைத்து, அடித்தட்டை மூடி, உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தூணின் தலையை நசுக்கிப் பூட்டிவிடுவார்கள். திருகே கிடையாது. கலவையின் தூய்மை இதில் மிக முக்கியம்: போருக்கு முந்தைய வார்ப்புப் பொம்மைகள் பலவற்றில் காரீயம் கலந்துவிட்டதால், அவை காலப்போக்கில் தாமாகவே வெடித்து உதிர்ந்துபோயின. என் பெரியப்பாவின் வண்டியில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

1960-களில் மேட்ச்பாக்ஸுக்கு நிகராகச் சிறிய உலோகக் கார்களில் வேறு பெயர் இல்லாதிருந்தது. அந்த உயரத்திலிருந்து அதைத் தள்ளியது அட்லாண்டிக் கடலின் மறுகரை.

கலிபோர்னியாவில் 1945-ல் ஹரால்ட் மேட்சன், எலியட் ஹேண்ட்லர் இருவரும் தொடங்கிய நிறுவனம் மேட்டல்; இதுவும் இரண்டு பெயர்களின் துண்டுகளை ஒட்டிய சொல்தான். 1959-ல் எலியட்டின் மனைவி ரூத் ஹேண்ட்லரின் யோசனையில் பிறந்த பார்பி பொம்மை நிறுவனத்தைப் பெரிதாக்கிவிட்டது. பையன்களுக்கும் அப்படியொன்று வேண்டுமென்று தேடிய எலியட், மேட்ச்பாக்ஸ் கார்களைப் பார்த்துவிட்டு இரண்டு குறைகளைக் கண்டார். அவை அழகாக நின்றன, ஆனால் ஓடவில்லை. அவை ஐரோப்பியத் தெருக்களின் வண்டிகளாக இருந்தன. கலிபோர்னிய இளைஞர்கள் தங்கள் கார்களின் பின்புறத்தைத் தூக்கி, எஞ்சினை வெளியே தெரியவிட்டு, வண்ணத்தை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த வேட்கை அவற்றில் இல்லை.

முதல் குறையைத் தீர்க்க அவரிடம் ஜாக் ரையன் இருந்தார். ரேத்தியான் நிறுவனத்தில் ஏவுகணை வேலை பார்த்துவிட்டுப் பொம்மைக்கு வந்த பொறியாளர் அவர். லெஸ்னி வண்டியின் அச்சாணி ஆணியைப் போலத் தடித்தது. மேட்டல் அதற்குப் பதிலாக மெல்லிய எஃகுக் கம்பியைப் போட்டது. அந்தக் கம்பியே வளைந்து கொடுத்து வில்லாகவும் வேலை செய்தது. சக்கரத்தின் நடுவில் வழுக்கும் பிளாஸ்டிக் வளையம். சக்கரத்தின் முழு அகலமும் தரையில் படாமல் ஒரு குறுகிய விளிம்பு மட்டும் படும்படி வடிவம். உராய்வு குறையும் இடமெல்லாம் குறைக்கப்பட்டது. இரண்டாம் குறையைத் தீர்க்க, ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஹாரி பென்ட்லி பிராட்லி என்ற வடிவமைப்பாளரை அழைத்தார்கள். 1968-ல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸ் வெளிவந்தது. மெருகேற்றிய உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற வண்ணம், டயர்களில் சிவப்புக் கோடு, கூடவே ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் ஓடுபாதை. இது நிலைக்காது என்று நினைத்த பிராட்லி சீக்கிரமே விலகிவிட்டார். அவருக்குப் பின் வந்த ஐரா கில்ஃபோர்டு 1969-ல் வரைந்ததுதான் இன்று என் மகளின் கையிலிருக்கும் ட்வின் மில்: எந்தத் தொழிற்சாலையும் செய்திராத, முன்னால் இரண்டு எஞ்சின்கள் துருத்திக்கொண்டிருக்கும் கற்பனைக் கார். பொம்மையாகப் பிறந்த அதை மேட்டல் 2001-ல் ஓட்டக்கூடிய முழு அளவுக் காராகவும் செய்து காட்டியது.

லெஸ்னி 1969-லேயே மெல்லிய அச்சாணிக்கு மாறி, 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று பெயரிட்டுப் பதில் கொடுத்தது. ஆனால் அமெரிக்கச் சந்தை திரும்பி வரவில்லை. 1970-களின் விலைவாசி உயர்வும் சேர, 1982 ஜூன் மாதம் நிறுவனம் நொடித்துப்போனது. ஹாங்காங்கின் யுனிவர்சல் என்ற பொம்மை நிறுவனம் அதை வாங்கி உற்பத்தியைக் கிழக்கே கொண்டுபோனது; 1992-ல் டைக்கோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது; 1997-ல் டைக்கோவையே மேட்டல் எடுத்துக்கொண்டது. எந்த நிறுவனம் மேட்ச்பாக்ஸை வீழ்த்தியதோ, அதன் வீட்டிலேயே இப்போது மேட்ச்பாக்ஸ் வாழ்கிறது. ஓடெல் மட்டும் விடவில்லை. லெஸ்னியின் பழைய இயந்திரங்களில் சிலவற்றை வாங்கி, தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'லெடோ' என்றொரு நிறுவனம் தொடங்கி, இங்கிலாந்திலேயே தொடர்ந்து வார்த்தார். இந்த வரலாற்றில் என் மனம் ஒன்றி நிற்கும் இடம் அதுதான்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையைக் கூடத்தில் நாற்காலி மேல் சாய்த்து வைத்து, மூன்று வண்டிகளையும் ஒரே கோட்டிலிருந்து, தள்ளாமல், கையை மட்டும் எடுத்து விட்டோம். ஓடிய தூரத்தை மகள் தரையின் மொசைக் ஓடுகளால் எண்ணினாள். பழைய லெஸ்னி வண்டி ஐந்தாவது ஓட்டில் நின்றது. அதுவும் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. புதிய லாண்ட் ரோவர் பன்னிரண்டு ஓடுகள் சென்றது. ட்வின் மில் சமையலறை வாசற்படியில் மோதி நின்றது. வாசற்படி இல்லையென்றால் இன்னும் போயிருக்கும். பத்து முறை விட்டும் வரிசை மாறவில்லை. எலியட் ஹேண்ட்லர் கண்ட குறையும், அதற்கு ரையன் கண்ட தீர்வும் எங்கள் கூடத்துத் தரையில் அப்படியே தெரிந்தன. வில்லாக வளைந்த அந்த முதல் கம்பி 1970-லேயே எளிய நேர்க்கம்பியாகிவிட்டது என்றாலும், ஓட்டம் குறையவில்லை.

ஆனால் ஓட்டம் மட்டுமே அளவுகோல் அன்று. மேட்ச்பாக்ஸ் லாண்ட் ரோவரைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். முன்புறக் கம்பித் தட்டி, விளக்குகள், கதவு இடுக்கின் கோடு, பின்புறம் தொங்கும் மாற்றுச் சக்கரம் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கின்றன. தெருவில் அதன் அசல் வண்டி நின்றால் இதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். என் மகள் இரண்டாவது நாளே ட்வின் மில்லைப் பந்தயத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, லாண்ட் ரோவரில் எறும்புகளை ஏற்றி, தொட்டிச் செடியின் மண்மேட்டில் ஊருக்குப் போக ஆரம்பித்தாள். குழந்தை கதை சொல்லி விளையாடுவதற்கு மேட்ச்பாக்ஸ், ஓட்டி மகிழ்வதற்கு ஹாட் வீல்ஸ் என்ற வேறுபாடு ஒரே முதலாளியின் கீழ் இருந்தும் இன்றுவரை அழியாதிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. நவராத்திரிக் கொலுவில் பூங்காவும் சாலையும் அமைப்பவர்களுக்கும் மேட்ச்பாக்ஸின் பேருந்து, லாரி, தீயணைப்பு வண்டிகளையே சொல்வேன். பச்சைப் பயிறு முளைவிட்ட மண்ணுக்கு நடுவில் அவைதான் ஊர் வண்டிகளாகத் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய வண்டியையும் புதிய வண்டியையும் இரண்டு கைகளில் எடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று சொல்லிவிடலாம். புதியதன் உடல் உலோகம், அடித்தட்டு பிளாஸ்டிக். எடை இறங்கியதோடு, கவிழ்த்தால் தெரியும் அந்தக் கூர்மையான புடைப்பெழுத்தின் அழகும் போய்விட்டது. எழுத்து இருக்கிறது, ஆனால் விரல் நுனியால் படிக்கக்கூடிய எழுத்தாக இல்லை. ஹாட் வீல்ஸின் தொடக்க காலக் கண்ணாடி வண்ணமும் 1973-லேயே சாதாரண எனாமலாக மாறிவிட்டது. இப்போது அது பெரும்பாலும் சேகரிப்போருக்கான விலை கூடிய வரிசைகளில்தான் வருகிறது. பல பத்தாண்டுகளாக அமெரிக்காவில் ஒரு டாலரை ஒட்டியே விலையைப் பிடித்து வைத்திருந்ததற்கு, உலோகத்திலும் பூச்சிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள். விலை ஏறியிருந்தால் இந்தப் பொம்மை என் மகளின் கைக்கு வந்திருக்காது என்பதால், இந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்றாலும் அடித்தட்டை மட்டுமாவது உலோகத்திலேயே விட்டிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. கதவோ, முன்மூடியோ திறக்கும் வண்டி வேண்டுமென்றால், மேட்ச்பாக்ஸில் அசையும் பாகங்களுக்கென்றே ஒரு தனி வரிசை இருக்கிறது. சற்று விலை கூடுதல். அந்தப் பணத்துக்குத் தகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் வண்டி இருப்பதால் கடையில் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆனால் நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, அச்சாணி வளைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்டுகொள்ளலாம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அட்டையின் பின்புறம் அதைத் தேடுங்கள். இதை வலியுறுத்தக் காரணமுண்டு. முன்பொரு தேர்த்திருவிழாவில், பெயரில்லாத உலோகக் கார்கள் ஆறு கொண்ட பெட்டி ஒன்றை மிக மலிவாக வாங்கினேன். ஒரே வாரத்தில் வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்து குழந்தையின் விரல்களில் ஒட்டியது. அத்தனையையும் அன்றே குப்பையில் போட்டேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் கொடுக்காதீர்கள். சக்கரம் கழன்றால் வாய்க்குள் போகும் அளவு.

மேட்டல் வண்டிகள் நம் நாட்டுக்கும் புதியவை அல்ல. 1980-களிலும் 90-களிலும் லியோ மேட்டல் என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவிலேயே தயாராயின. வேறெங்கும் வராத வண்ணச் சேர்க்கைகள் அவற்றில் உண்டு என்பதால், இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். பரணில் அப்படியொன்று கிடந்தால், சோப்பு நீரில் மென்மையாகக் கழுவித் துடைத்தால் போதும். தயவுசெய்து மறுபடி வண்ணம் பூச வேண்டாம்.

எங்கள் வீட்டில் இனி மாதம் ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம். அடுத்தது இரட்டை அடுக்குப் பேருந்தா, மண் அள்ளும் இயந்திரமா என்பதில் மகளுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. பெரியப்பாவின் லாண்ட் ரோவர் மட்டும் இரவில் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். பகலில் அதுவும் எறும்புகளை ஏற்றத்தான் செய்கிறது.